கலைக்கப்பட்டவர்கள்: வால் ஸ்ட்ரீட் பற்றிய ஒரு புத்தகத்தை கும்மிடிப்பூண்டியிலிருந்து வாசிப்பது

கேரன் ஹோ எழுதிய 'லிக்விடேட்டட்' புத்தகத்தை 2009-ல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. லேமன் பிரதர்ஸ் விழுந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். வங்கிக்காரர்கள் பேராசைப்பட்டார்கள், உலகம் கவிழ்ந்தது என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹோ கேட்டது வேறு கேள்வி. இவர்கள் காலையில் ஆபீசுக்கு வந்து என்ன செய்கிறார்கள்? யார் எந்த மாடியில் உட்காருகிறார்கள்? இரவு சாப்பாட்டை யார் வாங்கித் தருகிறார்கள்? வேலை போனால் எப்படிச் சொல்கிறார்கள்? மானுடவியல்காரர்கள் பழங்குடிக் கிராமத்தில் போய் உட்கார்ந்து எழுதுவதை இவர் நியூயார்க் முதலீட்டு வங்கிக்குள் உட்கார்ந்து எழுதினார்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். சொத்தை விற்றுப் பணமாக்குவது ஒன்று. நிறுவனத்தை, ஆட்களை இல்லாமல் ஆக்குவது இன்னொன்று. நான் 'கலைக்கப்பட்டவர்கள்' என்று வைத்துக்கொண்டேன். கூட்டம் கலையும், மேகம் கலையும், கம்பெனியும் கலையும். கலைந்தபின் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தோடு எனக்கு இருக்கும் சண்டையும் இந்த இடத்தில்தான்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். லண்டன் கானரி வார்ஃபில் ஒரு முதலீட்டு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில், வெண்டர் கம்பெனி வழியாக, மூன்று வருடம் இருந்திருக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இப்போது இருப்பதும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம். சிப்காட் புகைபோக்கிகள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். இந்த இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

புத்தகம் என்ன சொல்கிறது

ஹோ பிரின்ஸ்டனில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. 1996-ல் படிப்பிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியில் உள் ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்தார். மானுடவியல் மாணவிக்கு வங்கியில் எப்படி வேலை கொடுத்தார்கள்? பிரின்ஸ்டன் என்ற பெயர் போதும். வங்கியே அப்படித்தான் ஆள் எடுக்கிறது என்பதே அவருடைய முதல் கள ஆய்வுக் குறிப்பு. கொஞ்ச காலத்திலேயே அவர் இருந்த குழுவையே வங்கி கலைத்துவிட்டது. அவருக்கும் வேலை போனது. அப்புறம் 1998-99-ல் முறையான கள ஆய்வு: பேட்டிகள், வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டங்கள், கருத்தரங்குகள். அந்த பேங்கர்ஸ் டிரஸ்டையே 1999-ல் டாய்ச்ச வங்கி வாங்கி விழுங்கிவிட்டது என்பது தனிக்கதை.

புத்தகத்தின் வாதத்தை நான்கு படியாகச் சுருக்கலாம்.

முதல் படி, 'ஸ்மார்ட்னெஸ்'. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற சில கல்லூரிகளிலிருந்துதான் ஆட்களை அள்ளுகிறார்கள். நீங்கள்தான் உலகத்திலேயே புத்திசாலிகள் என்று சொல்லிச் சொல்லியே எடுக்கிறார்கள். அந்தப் பட்டம் கையில் இருந்தால் 22 வயதுப் பையன், நாற்பது வருடம் இரும்பு உருக்கிய கம்பெனிக்கு எந்தப் பிரிவை மூடலாம் என்று அறிவுரை சொல்லலாம்.

இரண்டாவது படி, உழைப்பு. அனலிஸ்ட் என்ற முதல்நிலை வேலைக்காரர்கள் வாரம் நூறு மணி நேரம் வரை இருக்கிறார்கள். பகலில் பெரும்பாலும் காத்திருப்பு. சாயங்காலம் மேலதிகாரி 'பிட்ச் புக்'கில் திருத்தம் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பிட்ச் புக் என்றால், இந்தக் கம்பெனியை வாங்குங்கள், அந்தப் பிரிவை விற்றுத் தொலையுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கொண்டுபோகும் ஸ்லைடு கட்டு. அதைச் சரிசெய்ய விடியவிடிய வேலை. இருட்டிய பிறகும் இருந்தால் சாப்பாடு கம்பெனி செலவு, வீட்டுக்குப் போகக் காரும் கம்பெனி செலவு. சாப்பாடும் காரும் இலவசம் என்பதால் யாரும் சீக்கிரம் கிளம்புவதில்லை.

மூன்றாவது படி, நிலையின்மை. எப்போது வேண்டுமானாலும் வேலை போகும். போனால் அன்றைக்கே வெளியே. போனஸ் வருடக் கடைசியில், அந்த வருடம் எத்தனை டீல் முடித்தாய் என்பதை வைத்து. அந்த டீல் மூன்று வருடம் கழித்து ஒரு கம்பெனியைக் குழியில் தள்ளினால், அதைச் செய்தவர் அப்போது வேறு வங்கியில் இருப்பார்.

நான்காவது படிதான் புத்தகத்தின் உயிர். இப்படி வாழ்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையையே உலகத்துக்கு அளவுகோலாக வைக்கிறார்கள். நான் புத்திசாலி, நான் உயிரைக் கொடுத்து உழைக்கிறேன், எனக்கே வேலை நிரந்தரமில்லை. அப்படியிருக்க, ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற தொழிற்சாலைக்காரனுக்கு மட்டும் எதற்கு நிரந்தரம்? ஆட்குறைப்பு செய்யச் சொல்லும்போது அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வருவதில்லை. உலகத்துக்கு உண்மையைக் கற்றுக்கொடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள். பங்குதாரர் மதிப்பு என்ற கோட்பாடு பாடப்புத்தகத்திலிருந்து தொழிற்சாலைக்குத் தானாக நடந்து போகவில்லை. இந்த அலுவலக வாழ்க்கை வழியாகத்தான் போயிற்று என்கிறார் ஹோ.

எங்கே சரியாகச் சொல்கிறார்

வங்கிக்குள் ஃப்ரண்ட் ஆபீஸ், மிடில் ஆபீஸ், பேக் ஆபீஸ் என்று மூன்று சாதி இருப்பதை ஹோ விவரிக்கும் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். பணம் கொண்டுவருகிறவர்கள் ஒரு மாடி, கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு மாடி, தாளைத் தள்ளுகிறவர்கள் வேறு கட்டிடம். லிஃப்ட்டுகூட எல்லாருக்கும் ஒன்றில்லை. முன்னால் இருப்பவர்கள் 'வருமானம்', பின்னால் இருப்பவர்கள் 'செலவு'.

நான் இருந்த வங்கியிலும் அப்படியே. நாங்கள் செலவு. டிரேடிங் ஃப்ளோருக்குப் போகத் தனி அனுமதி வேண்டும். அங்கே போய் ஒரு ஸ்கிரீனைச் சரிசெய்துவிட்டு வரும்போது நம்மை யாரும் திட்டமாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். வெண்டர் ஆட்களுக்கு பாஸ் நிறமே வேறு. 2008 கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை என் வரிசையில் மூன்று பேருக்கு கேட்டில் பாஸ் பச்சை காட்டவில்லை. அவர்கள் பையும் குடையும் மதியம் ஒரு அட்டைப்பெட்டியில் கீழே போனது. அதை எடுத்துப்போன செக்யூரிட்டிக்காரரும் ஒரு வெண்டர் கம்பெனி ஆள்தான்.

புத்தகம் பழசாகிவிட்டதா? கள ஆய்வு நடந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் 2021 மார்ச்சில் கோல்ட்மேன் சாக்ஸின் முதல்வருட அனலிஸ்டுகள் 13 பேர், சராசரியாக வாரம் 95 மணி நேரம் வேலை செய்கிறோம், உடம்பும் மனசும் போகிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தி வெளியே விட்டார்கள். அது எந்த வடிவத்தில் இருந்தது தெரியுமா? பிட்ச் புக் மாதிரியே அச்சுஅசலாக ஸ்லைடு, பார் சார்ட் எல்லாம் போட்டு. தங்கள் வலியைச் சொல்லக்கூட அவர்களிடம் இருந்த மொழி அது ஒன்றுதான். ஹோவின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆக, அலுவலகத்தை எழுதிய அளவில் இந்தப் புத்தகத்தை மிஞ்ச எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. மைக்கேல் லூயிஸின் 'லயர்ஸ் போக்கர்' 1989-லேயே சாலமன் பிரதர்ஸ் கதையைச் சொல்லிவிட்டது. ரொம்ப சுவாரஸ்யமான புத்தகம்தான். ஆனால் லூயிஸுக்கு வாய்ச்சவடால் ஆட்கள்தான் பிடிக்கும். ஹோவுக்கு சாப்பாட்டு பில்லும் பிடிக்கும். ஆராய்ச்சிக்குச் சாப்பாட்டு பில் முக்கியம்.

இனி மூன்று ஆட்சேபங்கள்.

ஒன்று: பேக் ஆபீஸ் எங்கே போனது?

ஹோ மேலே இருப்பவர்களை ஆராய வேண்டும் என்ற மரபில் வருகிறவர். ஏழைகளையே எத்தனை நாள் ஆராய்வீர்கள், அதிகாரத்தில் இருப்பவர்களை ஆராயுங்கள் என்று 1972-ல் லாரா நேடர் என்ற மானுடவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும் மரபு அது. நல்ல மரபு. ஆனால் மேலே பார்த்துக்கொண்டே நடந்தால் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. பேக் ஆபீஸ் இருக்கிறது, அதற்கு மரியாதை இல்லை என்று ஹோ காட்டுகிறார். அந்த வேலை அங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று பின்தொடரவில்லை.

எங்கே போனது? நம் ஊருக்குத்தான்.

ஹோ களத்தில் இருந்த அதே 1999-ல் ஆபீஸ் டைகர் என்ற கம்பெனி தொடங்கியது. நிறுவனர்கள் ஜோசப் சிகல்மேன், ராண்டி ஆல்ட்ஷுலர். ஒருவர் கோல்ட்மேன் சாக்ஸ், இன்னொருவர் பிளாக்ஸ்டோன். இரண்டு பேரும் படித்தது எங்கே? ஹோ ஆராய்ந்த அதே பிரின்ஸ்டனில். அனலிஸ்ட் வாழ்க்கையை அனுபவித்தவர்கள். விடியவிடிய ஸ்லைடு செய்யும் வேலையை ஏன் நியூயார்க்கில் செய்ய வேண்டும், அங்கே இரவென்றால் சென்னையில் பகல்தானே என்பது அவர்கள் கணக்கு. சென்னையில் ஆட்களை எடுத்து வால் ஸ்ட்ரீட் வங்கிகளின் ஆவணங்களையும் ஆராய்ச்சி வேலையையும் செய்துகொடுத்தார்கள். 2006-ல் ஆர்.ஆர். டொனலி என்ற அமெரிக்க அச்சு நிறுவனம் 25 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

இடையில் 2004-ல் கேதரின் பூ 'தி நியூ யார்க்கர்' பத்திரிகைக்காக சென்னை வந்து ஆபீஸ் டைகர் ஊழியர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பின்னால் மும்பை அண்ணாவாடி குடிசைப்பகுதி பற்றிப் புத்தகம் எழுதிய அதே பூ. ஹோவின் புத்தகத்தையும் பூவின் கட்டுரையையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு பிட்ச் புக் முழுதாகத் தெரியும். ஒரு நுனியில் நியூயார்க்கில் தூங்காத பிரின்ஸ்டன் பையன். இன்னொரு நுனியில், தான் பார்க்கும் ஸ்லைடில் யாருடைய வேலை போகப்போகிறது என்று தெரியாமலே அதில் எழுத்துப்பிழை திருத்தும் சென்னைப் பெண்.

இது சும்மா விடுபட்ட தகவல் இல்லை. ஹோவின் வாதத்தையே தொடுகிறது. வங்கிக்காரர்களின் கடின உழைப்பே அவர்கள் தீர்ப்புக்கு நியாயம் தருகிறது என்கிறார். அந்த உழைப்பில் ஒரு பகுதியை வேறொருவர் வாங்கிக்கொண்டபின் அந்த நியாயம் என்ன ஆகும்? ஸ்லைடு சென்னைக்குப் போன பிறகும் நியூயார்க்காரர் வாரம் 95 மணி நேரம் இருக்கிறார் என்றால், ஸ்லைடு ஒருபோதும் காரணம் இல்லை. உட்கார்ந்திருப்பதே வேலை. இந்த முடிவுக்கு ஹோ ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்.

இரண்டு: 480 நாள்

வால் ஸ்ட்ரீட் அனலிஸ்டுக்கு இரண்டு வருடம்தான் காலக்கெடு. முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வெளியே போய்விடுவார்கள், பிசினஸ் ஸ்கூலுக்கோ வேறு கம்பெனிக்கோ. வரும்போதே தெரியும், போகப்போகிறோம் என்று.

கும்மிடிப்பூண்டியிலும் இரண்டு வருடக் கெடு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தரவேண்டும் என்பது அதன் சாரம். தொழிலாளிக்குச் சாதகமான நல்ல சட்டம். அதனாலேயே 480 என்ற எண் ஒரு எல்லைக்கோடாகிவிட்டது. அதைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தொழிலாகவே ஆனது. நடுவில் ஒரு இடைவெளி. அல்லது கான்ட்ராக்டர் பெயர் மாற்றம். ஆள் அதே ஆள், நிற்பது அதே ஃபர்னஸ் பக்கம், பேப்பரில் மட்டும் புதுசாகச் சேர்ந்தவர்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இங்கே ஒரு ரோலிங் மில்லில் கம்பி அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எத்தனை வருஷம் அங்க இருந்தீங்க?"

"ஒம்போது வருஷம் தம்பி. ஆனா பேப்பர்ல பாத்தா ரெண்டு வருஷம்கூட முழுசா இருக்காது."

அவரிடம் நான்கு பி.எஃப். நம்பர் இருந்தது. நான்கும் நான்கு கான்ட்ராக்டர் பெயரில். 2014-ல் யு.ஏ.என். என்ற ஒற்றை எண் வந்த பிறகு அவருடைய பழைய கணக்குகளை ஒன்றுசேர்க்க நானும் உட்கார்ந்தேன். ஒன்றில் அப்பா பெயர் தப்பு, ஒன்றில் பிறந்த தேதி தப்பு, ஒரு கான்ட்ராக்டர் இப்போது தொழிலிலேயே இல்லை. மூன்று மட்டும் சேர்ந்தது.

இதை வைத்து ஹோவிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. நிலையின்மை என்ற நோய் வால் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் பிறந்து தொழிற்சாலைக்குப் பரவியது போல அவர் வரைபடம் போடுகிறார். அமெரிக்காவுக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே ஐம்பது, அறுபதுகளில் பெரிய கம்பெனிகளில் நிலையான வேலை இருந்தது, எண்பதுகளின் கம்பெனி வாங்கல் அலை அதை உடைத்தது என்று விரிவாகச் சொல்கிறார். நம் கதை வேறு. ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம் 1970 செப்டம்பர் 5 தேதியிட்டது. கம்பெனியின் ஒரே சமூகப் பொறுப்பு லாபம் சம்பாதிப்பது என்ற மில்டன் ஃப்ரீட்மேனின் புகழ்பெற்ற கட்டுரை நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வந்தது 1970 செப்டம்பர் 13. எட்டு நாள் வித்தியாசம். அதாவது, பங்குதாரர் மதிப்புக்கு வேதம் எழுதப்படும் முன்பே நம் நாடாளுமன்றம் கான்ட்ராக்ட் கூலியை ஒழிக்க வேண்டிய தீமை என்று ஒப்புக்கொண்டு சட்டம் போட்டுவிட்டது. எங்கள் கான்ட்ராக்டருக்கு பிரின்ஸ்டன் தேவைப்படவில்லை. அவர் தாத்தா காலத்து மேஸ்திரி, கங்காணி முறையே போதுமானதாக இருந்தது.

நேர அளவும் அப்படித்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றது. கூடுதலுக்கு இரட்டைக் கூலி. பன்னிரண்டு மணி ஷிஃப்டில் ஆறு நாள் நின்றால் 72 மணி ஆகிவிடும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப்பெறப்பட்டது நினைவிருக்கும். அந்த விவாதத்தில், ஐ.டி.காரன் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறானே என்று என்னிடமே நிறைய பேர் சொன்னார்கள். இதுதான் ஹோ சொல்லும் நான்காவது படி! நான் உழைக்கிறேன், நீயும் உழை. ஏ.சி. அறையில் காப்பி குடித்துக்கொண்டு உட்காரும் பன்னிரண்டு மணியும், உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டு மணியும் ஒரே எண் என்பதால் ஒரே விஷயம் ஆகிவிடாது.

ஆகவே என் திருத்தம் இது: வால் ஸ்ட்ரீட் நிலையின்மையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே கூலி வேலையில் இருந்ததை எடுத்து, அதற்கு ஒரு கௌரவமான பெயரும் போனஸும் வைத்து, படித்தவர்களும் விரும்பும்படி செய்தது. இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். இல்லை. நோய் மேலிருந்து கீழே வந்தது என்றால் மேலே திருத்தினால் போதும். கீழே முன்பே இருந்தது என்றால், வங்கிக்காரர்களுக்கு மனசாட்சி வந்தாலும் எங்கள் அண்ணனின் நான்காவது பி.எஃப். கணக்கு சேராது.

மூன்று: பணம் இறங்கும் நிலம்

ஹோவின் புத்தகத்தில் பணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்களும் ஓடுகிறார்கள். எல்லாமே திரவம். ஆனால் திரவம் எங்காவது தேங்கியாக வேண்டும்.

1999 செப்டம்பரில் பிரான்ஸின் மிஷ்லின் டயர் கம்பெனி ஒரே அறிவிப்பில் இரண்டு விஷயம் சொன்னது: லாபம் கூடியிருக்கிறது, ஐரோப்பாவில் மூன்று வருடத்தில் 7,500 வேலைகளைக் குறைக்கப்போகிறோம். மறுநாள் பங்கு விலை 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பிரான்ஸ் கொதித்தது. ஹோ விளக்கும் நியாயம் கண்ணெதிரே நடந்தது: நஷ்டத்தில் ஆட்குறைப்பு செய்தால் அது சோகம், லாபத்தில் செய்தால் சந்தைக்கு அது நல்ல செய்தி.

அதே மிஷ்லின் பத்து வருடம் கழித்து, 2009-ல், தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இடம், கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை. சிப்காட் அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழில் பூங்காவுக்கு எடுத்தது. ஊர்க்காரர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அது எங்கள் மேய்ச்சல் நிலம், எங்கள் காடு, ஏரிக்குத் தண்ணி அங்கிருந்துதான் வருகிறது என்று போராடினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள், கைதுகள் நடந்தன. 2012-ல் ஊர்ச் சங்கம் பிரான்ஸ் அமைப்புகளோடு சேர்ந்து பாரீஸில் ஓ.இ.சி.டி. வழிகாட்டுதல்களின் கீழ் புகார் கொடுத்தது. கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் சி.ஜி.டி. என்ற பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் ஒன்று. ஆலை வந்துவிட்டது, ஓடுகிறது, எங்கள் பக்கத்துப் பையன்கள் அங்கே வேலையும் பார்க்கிறார்கள். நான் ஆலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிப்காட் இல்லாவிட்டால் நான் பி.இ. படித்திருக்க முடியாது. என் அப்பா சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

நான் சொல்ல வருவது புத்தகத்தின் வரைபடத்தைப் பற்றி. ஐரோப்பாவில் கலைக்கப்பட்டவர்களையும் தேர்வாயில் மேய்ச்சல் நிலம் இழந்தவர்களையும் ஒரே பக்கத்தில் வைக்கும் இடம் 'லிக்விடேட்டட்' புத்தகத்தில் இல்லை. அது அலுவலகத்தின் கதை, அதனால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஹோ தானே, இந்த அலுவலகம் உலகத்தை மாற்றியமைக்கிறது என்று வாதிடுகிறார்? அப்படி வாதிட்டால் ஒரு தொழிற்சாலை வாசலுக்காவது போய் நின்றிருக்க வேண்டும். ஸ்லைடில் 'செலவு' என்று இருந்த வரி, இறங்கிய இடத்தில் என்ன ஆனது என்று பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்காரர்கள் வேலையிழப்பை அனுபவித்தவர்கள் என்று சொல்லும்போது, அவர்களுக்குப் பணமும் தொடர்புகளும் இருந்தன, இன்னொரு வங்கியில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று ஹோ நேர்மையாகவே எழுதுகிறார். ஆனாலும் 'கலைக்கப்படுதல்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்வதால் ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. என் வரிசையில் பாஸ் வேலை செய்யாத மூன்று பேரில் இரண்டு பேர் ஆறு மாதத்துக்குள் வேறு வங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அண்ணனுக்கு மில் கேட் பாஸ் நின்றபோது இன்னொரு மில் கிடைத்தது, உண்மைதான். அங்கே மறுபடி முதல் நாள். 480-க்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

சரி, படிக்கலாமா?

கட்டாயம் படிக்கலாம். ஐ.டி.யில் இருப்பவர்கள், வங்கிகளின் சென்னை மையங்களில் இருப்பவர்கள், பிள்ளைகளை அங்கே அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும். கல்வித்துறை ஆங்கிலம் முதல் அத்தியாயத்தில் கொஞ்சம் படுத்தும். பங்குதாரர் மதிப்பின் வரலாறு சொல்லும் நடு அத்தியாயங்களை வேகமாகக் கடந்தாலும் நஷ்டமில்லை. ஆள் எடுப்பது, இரவு வேலை, ஆட்குறைப்பு, போனஸ் ஆகிய அத்தியாயங்களை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

தமிழில் இந்த மாதிரி எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தேன். நாவலில் முயற்சிகள் உண்டு. இரா. முருகன் 'மூன்று விரல்' எழுதினார், விநாயக முருகன் 'ராஜீவ்காந்தி சாலை' எழுதினார். ஆனால் சாப்பாட்டு பில்லையும் பாஸ் நிறத்தையும் பேக் ஆபீஸ் மாடியையும் உள்ளே இருந்துகொண்டே குறித்துவைக்கும் எழுத்து ரொம்பக் குறைவு. சிப்காட்டைப் பற்றிச் சுத்தமாக இல்லை என்றே சொல்லலாம். ஹோவுக்கு ஒரு வங்கி தேவைப்பட்டது. நமக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ் போதும். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், டேலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போடும் ஒரு பெண். எந்த மாதம் யார் பெயர் எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்கு மாறுகிறது என்பது முழுக்க அவருக்குத்தான் தெரியும். 479-வது நாளில் என்ன நடக்கிறது என்று எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

2020 சட்டத்தொகுப்புகள் எல்லைகளை மாற்றிவிட்டன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் வரம்பு 20 என்பதிலிருந்து 50 ஆகிறது. பழைய எண்களைச் சுற்றி உருவான வழக்கங்கள் இனி புது எண்களைச் சுற்றி உருவாகும். பழையதை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பி.எஃப். சிலிப் எதுவும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, வருடத்தையும் கான்ட்ராக்டர் பெயரையும் பின்னால் குறித்து வையுங்கள். அண்ணனுடைய நான்கு சீட்டையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.